சம்பந்தியின் எடை

ஜனவரி 12, திங்கள்

வாஷிங் மெஷின் பாதியில் நின்று, கதவைத் திறக்க மாட்டேன் என்றது. உள்ளே மகளின் சீருடை, நுரையோடு. "இது உங்க ரெண்டு பேரோட அலட்சியம். டீச்சர் கேட்டா உங்க பேரைத்தான் சொல்வேன்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு வேறு உடுப்பில் கிளம்பிப் போனாள். பன்னிரண்டு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

அவள் அப்பா மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "உள்ள எவ்வளவு சூடு இருக்கும்னு நினைக்கிற?" என்றான். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு முதல் கேள்வி அதுதான். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் கொத்தாகச் சேர்ந்து கிடக்கும் இடங்களில், இடைவெளியெல்லாம் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு நிறைந்திருக்கிறது. விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ்ரே படத்திலிருந்து அந்தச் சூட்டை அளந்து, வாயு சிதறி ஓடாமல் பிடித்துவைக்கக் கொத்துக்கு எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அவன் பிழைப்பு. ஆபீஸில் அவனுக்கு வாயுபகவான் என்று பெயர். வைத்தது நான்.

நானும் அதே கொத்துகளைத்தான் நிறுக்கிறேன், வேறு தராசில். கொத்தின் ஈர்ப்பு, அதற்குப் பின்னால் வெகு தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை லேசாக வளைக்கும். அதனால் அவை ஒரு துளி நசுங்கித் தெரியும். மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் எடுத்த படத்தில், அப்படி நசுங்கியவற்றை ஆயிரக்கணக்கில் அளந்து சராசரி பார்த்தால், நசுக்கியவர் எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். எனக்கும் அவனுக்கும் ஒரே வீடு, ஒரே ஆபீஸ், எதிரெதிர் அறை. எண்கள் மட்டும் இதுவரை ஒரு கொத்திலும் ஒத்துப்போனதில்லை.

மெஷின் சாயங்காலம் தானாகத் திறந்துகொண்டது. பகவான் தன்னால்தான் என்கிறார். (எனக்குக் கோபம் வந்தால் அவனுக்கு மரியாதை கூடும்.)

ஜனவரி 20, செவ்வாய்

இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

விஷயம் இது. ஐந்து வருடத் திட்டம் ஒன்று வரப்போகிறது. இரண்டு முறைகளையும் சேர்த்து நூறு கொத்துகளை நிறுக்க வேண்டும். அதற்கு முன்னால், இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன என்று ஒரு கொத்திலாவது காட்ட வேண்டும். "காட்டிட்டீங்கன்னா திட்டம் நமக்கு. உங்களுக்கும் அதுல அஞ்சு வருஷம் இடம்மா" என்று என்னைப் பார்த்தார். ஒத்துப்போகவில்லையென்றால்? "பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்று சொன்ன எதையும் இந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

அவன் வேலை நிரந்தரம். என் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. எனக்கு வேறொரு நாட்டில் மூன்று வருட வேலை ஒன்று தயாராக இருக்கிறது. விமானத்தில் பதினோரு மணி நேரம். மே மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் நான் மட்டும்தான் போவேன். அவன் வேலை இங்கே, வக்கீலின் பள்ளிக்கூடம் இங்கே.

ஆக, வானத்தில் இருக்கும் ஒரு கொத்தின் எடை பற்றி நானும் என் புருஷனும் ஒரே எண்ணைச் சொன்னால் குடும்பம் ஒன்றாக இருக்கும். இல்லையென்றால் நான் பெட்டி கட்ட வேண்டும். எந்தக் குடும்ப நீதிமன்றத்திலும் இப்படி ஒரு நிபந்தனை இருக்காது.

கொத்தையும் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். பட்டியலில் அதற்கு வாயில் நுழையாத எண் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதன் பெயர் சம்பந்தி. மரியாதையாகப் பேச வேண்டும், கிட்டே போக முடியாது, எடையைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டை. வாயுபகவான் ஆறு வருடத்துக்கு முன்னாலேயே அதை நிறுத்துக் கட்டுரை போட்டுவிட்டான்: அறுநூறு லட்சம் கோடி சூரியன். சுருக்கமாக அறுநூறு.

ஜனவரி 29, வியாழன்

பூட்டு போட்டாயிற்று.

எங்கள் குழுவில் இது வழக்கம். கேலக்ஸிகளின் உருவ அளவுகளை வேறொரு ஊரில் இருக்கும் ஓர் அம்மாளுக்கு அனுப்புவோம். சாவிக்காரி என்று சொல்வோம். அவர் அதை மூன்று பிரதிகளாக்கித் திருப்பி அனுப்புவார்: சிவப்பு, பச்சை, நீலம். ஒன்றுதான் அசல். மற்ற இரண்டிலும் பொய் நசுக்கல் கலந்திருக்கும். எது அசல் என்று அவருக்கு மட்டும் தெரியும். நாங்கள் எல்லா வேலையையும் மூன்று தடவை செய்து, கட்டுரையையும் மூன்றாக எழுதி முடித்து, எல்லோரும் கூடியிருக்கும்போது அவரைக் கேட்போம். அவர் நிறத்தைச் சொல்வார். அதற்கப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

எதற்கு இத்தனை கூத்து? நினைத்த விடை வந்துவிட்டால் நாங்கள் பிழை தேடுவதை நிறுத்திவிடுவோம். நினைக்காதது வந்தால் கிடைக்கும்வரை தேடுவோம். யாரும் திருடர் இல்லை. சும்மா மனிதர்கள், அவ்வளவுதான்.

மூன்று எண்களையும் குழுவுக்கு வெளியே சொல்லக் கூடாது. சாவிக்காரி எனக்குத் தனியாகப் போன் செய்தார். "வீட்லயும் கூடாதும்மா. உங்க வீட்ல முக்கியமா கூடாது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் நட்சத்திரம் பார்த்தேன். படத்தில் நட்சத்திரம் வட்டமான புள்ளியாக இருக்க வேண்டும். இழுபட்டுத் தெரிந்தால் தப்பு நம் தொலைநோக்கியில். அந்த இழுப்பைக் கண்டுபிடித்துக் கேலக்ஸிகளிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் நம் கண்ணாடியின் கோணலைச் சம்பந்தியின் தலையில் கட்டிவிடுவோம். மூலையில் ஒரு செயற்கைக்கோள் கோடு கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. அதையும் மறைத்தேன்.

வக்கீல் எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய படத்துல உனக்கு வேண்டியது எங்கம்மா இருக்கு?" என்றாள். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றேன். "அப்ப எங்கயும் இல்லைன்னு அர்த்தம்" என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்

வந்துவிட்டது. சிவப்பு 610. பச்சை 740. நீலம் 900. ஒவ்வொன்றிலும் எழுபது கூடலாம், எழுபது குறையலாம்.

இங்கே எழுதலாமா? எழுதலாம். என் கையெழுத்தைப் படிக்கும் முயற்சியை அவன் கல்யாணமான வருடமே கைவிட்டுவிட்டான்.

சிவப்பு அசலாக இருந்தால் அப்படியே அவன் எண். திட்டம், வீடு, எல்லாம் பத்திரம். நீலமாக இருந்தால் பெரிய கட்டுரை, பெரிய பெயர், ஒரு பெட்டி, ஒரு டிக்கெட். பச்சையாக இருந்தால் வருடக்கணக்கில் வாதாடலாம்.

எதுவாக இருக்கும் என்று நினைக்கவே கூடாது. நினைக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

நீலம்தான்.

எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் நீலத்தின் வரைபடம் எவ்வளவு ஒழுங்காக இறங்குகிறது. சிவப்பு நடுவில் ஒரு இடத்தில் தொங்குகிறது. அந்தத் தொங்கலைப் பார்த்ததும், ஏதோ தப்பு இருக்கிறது என்று மூன்று நாளாக அதையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். நீலத்தை அப்படி நோண்டினேனா? இல்லை. ஏன் இல்லை? அது நன்றாக இருக்கிறதே, எதற்கு நோண்ட வேண்டும்?

இதைத்தான் வருடா வருடம் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பாடமாக எடுக்கிறேன். படம் போட்டு.

எது நடக்கக் கூடாது என்று பயப்படுகிறேனோ அதுதான் உண்மையாக இருக்கும் என்பது என் பிறவிக் குணம். லிஃப்டில் ஏறினால் அறுந்துவிழும், போன் அடித்தால் ஆஸ்பத்திரி. அதனால் நீலம். கட்டுரை பெரிதாக வரும் என்கிற சபலமும் கொஞ்சம். கொஞ்சம் இல்லை.

சாப்பிடும்போது அவன் கேட்டான்: "என்ன, ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லையே."

"சரி" என்று சொல்லிவிட்டு, நான் சர்க்கரை என்று நினைத்து டீயில் போட்டுக்கொண்டிருந்த உப்பு டப்பாவை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான்.

மார்ச் 3, செவ்வாய்

பகவான் இன்று சாப்பாட்டு மேஜையில், யாருடைய கணக்கையோ சொல்கிற மாதிரி, "பழைய கணக்குல தெர்மாமீட்டர் கொஞ்சம் குறைச்சுக் காட்டியிருக்கு. திருத்தினா அறுநூத்தித் தொண்ணூறு வருது" என்றார். ஆறு வருடம் ஒரு குறை சொல்லவிடாத கணக்கு. நான் "ம்" என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொட்டி வேணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

இன்னொரு பிழை கண்டுபிடித்திருக்கிறான். வானத்தின் பின்னணி வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கழித்துவிட்டானாம். இப்போது 710.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அது பொதுவான கேள்விதானே. யாரும் கேட்கலாம்.

மார்ச் 28, சனி

வாயு சும்மா சூடாக மட்டும் இல்லையாம், உள்ளுக்குள் சுழன்றுகொண்டும் இருக்கிறதாம். அந்தச் சுழற்சியின் அழுத்தத்தைப் பழைய கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்ணூற்றுத் தொண்ணூறு.

எண்ணூற்றுத் தொண்ணூறு. அவன் வாயால். என் மூன்று எண்களில் ஒன்றுகூடத் தெரியாமல்.

எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். இன்று அவன் முறை. "என்ன பாட்டு பாடற?" என்றான். பாடவில்லையே என்றேன். வக்கீல், "பாடின. நான் சாட்சி" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

திருத்திய கட்டுரையை அவன் இதழுக்கு அனுப்பிவிட்டான். இயக்குநர் நடைபாதையில் என்னைப் பார்த்து, "என்னம்மா, அவர் பாட்டுக்கு ஏறிக்கிட்டே போறாரே, உங்க பக்கம் எப்படி?" என்றார். பூட்டியிருக்கு சார் என்றேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். எனக்கு அது நன்றாக வரும்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. நசுங்கிய கேலக்ஸிகளை வைத்து நான் 900, சூட்டை வைத்து அவன் 890. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே இடத்தில் போய் நிற்கிறோம். இதைவிட உறுதி எந்த அறிவியலில் கிடைக்கும்?

வெளிநாட்டு வேலைக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதிவைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. பூட்டு திறக்கட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சிவப்பு.

ஏப்ரல் 22, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

கூட்ட அறையில் எல்லோரும் இருந்தோம். இயக்குநர், என் குழு, எதிர் வரிசையில் அவன். சாவிக்காரி திரையில் வந்தார். மூன்று கட்டுரையும் முடிந்ததா, இனி மாற்ற மாட்டீர்களா என்று முறைப்படி கேட்டார். மாட்டோம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சிவப்பு" என்றார். பஸ் நம்பர் சொல்வதைப் போல.

அறுநூற்றுப் பத்து. ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் சொன்ன அதே எண். மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் தூக்கிப் போட்ட எண்.

இயக்குநர், "அப்படின்னா ஒத்துப்போகலையா?" என்றார். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். எப்படி வந்தது எண்ணூற்றுத் தொண்ணூறு? உண்மையைச் சொல்லு.

"உன் மூஞ்சியைப் பார்த்துத்தான்."

"என்னது?"

"பிப்ரவரி கடைசில இருந்து நீ செத்த வீடு மாதிரி இருந்த. சரி, அறுநூறு கிட்ட எதுவும் வரலன்னு புரிஞ்சுது. என் பக்கம் தப்பு இருக்குமோன்னு தேடினேன். இருந்துச்சு. அறுநூத்தித் தொண்ணூறு சொன்னேன், உன் மூஞ்சி மாறல. எழுநூத்திப் பத்து சொன்னேன், அவ்வளவுதானான்னு கேட்ட. எண்ணூத்தித் தொண்ணூறு சொன்னேன், பாட ஆரம்பிச்சுட்ட. அதோட தேடறதை நிறுத்திட்டேன்."

"எனக்கே தெரியாதுடா எது அசல்னு. மூணு இருந்துச்சு. நான் சும்மா நீலம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எது அசல் என்று என்னிடமிருந்து மறைக்க அவ்வளவு பெரிய பூட்டு போட்டார்கள். என் மூஞ்சியைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. அவன் அளந்தது சம்பந்தியை இல்லை, என்னை. என் பயத்தைச் சூரியன் கணக்கில் நிறுத்து, பத்திரிகைக்கும் அனுப்பியாயிற்று.

அவன் சும்மா இருந்திருந்தால் போதும். ஒன்றுமே செய்யாமல், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நேற்றே எல்லாம் முடிந்திருக்கும். என்னோடு இருக்க வேண்டும் என்று உழைத்துத்தான் கெடுத்திருக்கிறான். இதற்கு எப்படிக் கோபப்படுவது? கோபப்பட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இயக்குநர் அறையில் மறுபடி உட்கார்ந்தோம்.

"பழைய அறுநூறையே வெச்சுக்கலாமே. திருத்தினதை வாபஸ் வாங்கிடுங்க. அவசரப்பட்டுட்டோம்னு ரெண்டு வரி எழுதினா முடிஞ்சுது."

அவன், "அந்த மூணு தப்பும் நிஜமான தப்பு சார். தெரிஞ்சே எப்படித் திருப்பி வைக்கிறது?" என்றான்.

"அப்ப எதிர்ப் பக்கம் இழுக்கற மாதிரி நாலாவது தப்பு ஒண்ணு இருக்கும். அதைத் தேடுங்க."

"தேடினா நாளைக்கே கிடைச்சிடும் சார். எங்க போய் நிக்கணும்னு இப்ப தெரிஞ்சுபோச்சே. அதான் நான் தேடக் கூடாது."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. நான் சொல்லவில்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பெருமையாக இருந்தது. கழுத்தை நெரிக்க வேண்டும்போலவும் இருந்தது.

ஏப்ரல் 25, சனி

பெரிய அரிச்சந்திரன்.

யாருக்காக இந்த உத்தமம்? மார்ச்சில் என் மூஞ்சியைப் பார்த்து எண் சொன்னபோது எங்கே போச்சு? கேட்டேன். "அப்ப நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியலை. இப்ப தெரியுது. தெரிஞ்சு எப்படிச் செய்யறது?" என்கிறார் பகவான். பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? நான் போகணும்டா. நான்தானே போகணும். நீ இங்க இருப்ப, அவ இங்க இருப்பா, நான் அங்க ஒரு ரூம்ல தனியா உக்காந்து படத்துல கோடு அழிச்சுக்கிட்டிருப்பேன். அது உன் கணக்குல எங்க வருது?

சொல்லவில்லை. இங்கே எழுதினேன். கதவை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன்.

ஏப்ரல் 30, வியாழன்

விடை தெரியாத ஒருவர்தான் நாலாவது பிழையைத் தேடலாம். எக்ஸ்ரே வேலை தெரிந்திருக்க வேண்டும், சிவப்பு என்று காதில் விழுந்திருக்கக் கூடாது. இயக்குநர் புண்ணியத்தில் விஷயம் காவலாளிவரை தெரிந்துவிட்டது. கீழே கான்டீனில் ஒருவர் என்னிடம், "என்ன மேடம், வீட்டுக்காரரோட ஒத்துப்போகலையாமே" என்று துக்கம் விசாரித்தார்.

கடைசியில் ஒருவர் கிடைத்தார். அவனுக்கு அடுத்த அறைக்காரர். கூட்டத்துக்கு வருவதில்லை. ஈமெயில் திறப்பதில்லை. கதவில் 'உள்ளே இல்லை' என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளேயே இருப்பார். அவரைப் பற்றி எத்தனையோ முறை புகார் போயிருக்கிறது. இப்போது இந்தக் கட்டடத்திலேயே நேர்மையாகச் சம்பந்தியை நிறுக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

"சம்பந்திக்கு என்ன விடை வந்துச்சுன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"எந்தச் சம்பந்தி?" என்றார்.

அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு நாள் ஆகும் என்றேன். "அவசரப்படுத்தினா வருஷக் கடைசி. அவசரப்படுத்தலன்னாலும் வருஷக் கடைசிதான்."

மே 11, திங்கள்

வெளிநாட்டு வேலைக்குச் சரி என்று எழுதிவிட்டேன். அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்து, எந்தக் காரணமும் இல்லாமல் மூடினேன்.

வக்கீல் இருவரையும் சோபாவில் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்தாள். "அந்தக் கொத்து நம்மைக் கேட்டுச்சா? அதோட வெயிட் தெரியலன்னா அதுக்கு ஏதாவது ஆகுமா? ஆகாதில்ல? அப்ப அம்மா ஏன் போகணும்?"

வாயுபகவான் விளக்க ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டான்.

மே 29, வெள்ளி

மூன்று நாளாக அவன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறான்.

ஜூன் 7, ஞாயிறு

"மூணு டிக்கெட் போட்டுட்டேன்" என்றான், பல் தேய்த்துக்கொண்டே.

நிரந்தர வேலை. இதற்காகத்தான் எத்தனை வருடம் நாய்ப்பாடு பட்டான். வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

"அங்க வந்து என்ன பண்ணுவ?"

"ஏதாவது சூடா இருக்கும். அளப்பேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ரெண்டு நம்பரும் ஒத்துப்போனாத்தான் ஒண்ணா இருக்க முடியும்னு இயக்குநர் சொன்னாரு. நாமளும் மண்டையை ஆட்டினோம். அதுல எங்கயும் தப்பு இருக்கான்னு யாரும் தேடவே இல்லையே."

அழுதேன். அவன் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தான். போய்த் துப்பிட்டு வா என்றேன்.

வக்கீல் அழவில்லை. "என்னை யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். சாப்பிட வரவில்லை. அவள் சொன்னது உண்மை. அவளை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

புது ஊர். இரண்டு அறை. வெந்நீர்க் குழாயில் முதலில் கொதிநீர், பிறகு ஐஸ் வருகிறது. அவன் சந்தோஷமாக நோண்டிக்கொண்டிருக்கிறான்.

ஒரு கல்லூரியில் முதல் வருட வகுப்பு கிடைத்திருக்கிறது, வாரத்தில் மூன்று நாள். தெர்மாமீட்டரைப் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறான். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறானாம். வீட்டில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

வக்கீல் எங்களோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். "உப்பு." "கதவு." "சரி." வாதாடாமல் இருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, அவள் பார்ப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

இன்று ஒரு முழு வாக்கியம் பேசினாள். பள்ளியில் பட்டிமன்றக் குழு இருக்கிறதாம். ஆனால் பேசத் தெரியாத ஊமைகள் எல்லாம் அதில் பேசுகிறார்களாம்.

நவம்பர் 15, ஞாயிறு

வீட்டில் நாலு பெண்கள். கூடம் முழுக்கப் பை, செருப்பு, கத்தல். அடுத்த வாரம் போட்டி, எதிர் அணியை எப்படி மடக்குவது என்று ஆலோசனை. வக்கீல்தான் தலைவி. நானும் அவனும் எங்கள் வீட்டிலேயே இடமில்லாமல் படுக்கையறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

டிசம்பர் 6, ஞாயிறு

அடுத்த அறைக்காரரின் வேலை முடிந்துவிட்டது. இயக்குநர்தான் போன் செய்தார். 620.

நாலாவது பிழை இருந்திருக்கிறது. சம்பந்தியின் ஒரு பக்கத்தில் சின்னக் கொத்து ஒன்று வந்து மோதியிருக்கிறது. மோதிய இடத்தில் வாயு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அந்த இடத்தை விலக்கிவிட்டு அளந்திருக்க வேண்டும். மூன்று பிழையையும் திருத்தி, நாலாவதையும் திருத்தினால், எண் ஆறு வருடத்துக்கு முன்னால் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அவர் இதைக் கண்டுபிடித்தபோதும் எங்கள் எண் என்ன என்று அவருக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது, ஈமெயில் இன்னும் திறக்கவில்லையாம்.

இரண்டு முறையும் ஒத்துப்போகின்றன. அழகாக, ஒருவரும் யாரையும் பார்த்துச் செய்யாமல். திட்டம் கையெழுத்தாகப் போகிறது. "உங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. ஜனவரியே வந்துடுங்க. பழைய அறையையே ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றார் இயக்குநர். இந்த முறை பார்ப்போம் என்று சொல்லவே இல்லை.

போனை வைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு வக்கீலைக் கூப்பிட்டோம். இந்த முறை அவளைக் கேட்டுவிட்டுத்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

முழுவதும் கேட்டாள். பிறகு நின்றுகொண்டு பேசினாள்.

"நம்பர் ஒத்துப்போகலன்னு இங்க கூட்டிட்டு வந்தீங்க. இப்ப ஒத்துப்போச்சுன்னு திரும்பக் கூட்டிட்டுப் போறீங்க. ஆக, நம்பர் எதுவா இருந்தாலும் நான்தான் ஸ்கூல் மாறணும். என் பக்கம் எதுவுமே மாறலையே. எனக்கு இங்க ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. பிப்ரவரில ஃபைனல்ஸ் இருக்கு. நான் வரல."

இயக்குநருக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், அவள் வாதத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று நானும் அவனும் தேட உட்கார்ந்தோம். அவன் கொஞ்ச நேரம் யோசித்து, சரியாகத்தான் சொல்கிறாள் என்றான். நானும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்திவிட்டோம்.